ஃபிலிம் கேமராவோடு வாழும் கலைஞருக்கு வேலை எங்கே நடக்கிறது?

கேள்வி இது: "பல ஆண்டுகளாக டிஜிட்டல் கேமராவில் படம் எடுத்துவருகிறேன். சுவரில் மாட்டி நெடுநேரம் பார்க்கத் தகுந்த கலைப் படங்கள் செய்ய வேண்டும் என்பது ஆசை. ஃபிலிமுக்கு மாறலாமா என்று யோசிக்கிறேன். ஃபிலிமிலேயே வேலை செய்கிற புகைப்படக் கலைஞரின் படைப்பு வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும்? பழசின் மீதுள்ள ஏக்கத்தைத் தவிர அதில் வேறு ஏதேனும் இருக்கிறதா? எந்தக் கேமராவில் தொடங்கலாம்?"

இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் காரணத்தை முதலில் ஒதுக்கிவைத்துவிடுகிறேன். ஃபிலிம் நம்மை நிதானப்படுத்தும், ரோலுக்கு 36 படம்தான் என்பதால் ஒவ்வொன்றையும் யோசித்து எடுப்போம் என்பார்கள். எல்லோருக்கும் இது பொருந்தாது. அமெரிக்கரான கேரி வினோகிராண்ட் லைக்கா என்ற சிறு கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்து ரோல் ரோலாக எடுத்துத் தள்ளியவர். 1984இல் அவர் இறந்தபோது கழுவப்படாத ரோல்கள் மட்டுமே சுமார் 2,500 இருந்தன. நிதானத்துக்கும் அவருக்கும் வெகு தூரம். ஆனாலும் இருபதாம் நூற்றாண்டின் பெரிய புகைப்படக் கலைஞர்களில் அவர் ஒருவர். மறுபுறம், எட்டுக்குப் பத்து அங்குல ஷீட் கேமராவை (ஒரு படத்துக்கு ஒரு தனி ஃபிலிம் தாள் போடும் பெரிய கேமரா) முக்காலியில் நிறுத்தி, ஒரு பொழுது முழுவதும் காத்திருந்து ஒரே ஒரு படம் எடுப்பவர்களும் உண்டு. அப்படி எடுத்த சப்பென்ற படங்களையும் ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். நிதானமாக எடுத்ததாலேயே ஒரு படம் நன்றாக வந்துவிடாது.

இந்த இரு வகையினருக்கும் பொதுவான ஒரு நிலைமை இருக்கிறது. எடுத்ததை உடனே பார்க்க முடியாது. ஃபிலிமின் படைப்பு வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு நிலைமையிலிருந்து கிளைப்பதுதான். டிஜிட்டலில் எடுப்பதும், பார்ப்பதும், கழிப்பதும், திருத்துவதும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு நடக்கின்றன. ஃபிலிமில் இவை வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு மனநிலைகளில், வெவ்வேறு அறைகளில் நடக்கும். எடுப்பவனும் தேர்ந்தெடுப்பவனும் பிரிண்ட் போடுபவனும் ஒரே ஆள்தான் என்றாலும், அவர்களுக்கு நடுவே வாரங்கள் கிடக்கின்றன. ஒருவன் செய்ததை இன்னொருவன் கொஞ்சம் அந்நியனாக நின்று பார்க்கிறான். கலைஞனை உருவாக்குவது இந்தப் பிரிவினைதான் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் எடுக்கும் நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன். கேமராவின் முதுகில் திரை கிடையாது. ஆகவே உங்கள் கண் எதிரில் இருப்பதை விட்டு விலகுவதில்லை. உருவப்படம் எடுக்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். டிஜிட்டலில் நான்கைந்து படம் எடுத்ததும் எடுப்பவர் தலைகுனிந்து திரையைப் பார்ப்பார். அந்த நொடியில் எதிரில் உட்கார்ந்திருப்பவர் தனியே விடப்படுகிறார். அவர் முகம் மூடிக்கொள்கிறது. மறுபடி திறக்க நேரம் பிடிக்கும். ஃபிலிமில் ரோல் முடியும்வரை இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடியே இருக்கிறார்கள். ரோல் மாற்றும் சில நிமிடங்களில் எடுப்பவரின் கை வேலையாக இருக்கும், வாய் சும்மா இருக்கும். அப்போது தானாகப் பேச்சு வரும், உட்கார்ந்திருப்பவரின் தோள்கள் இறங்கும். நல்ல படம் பல சமயங்களில் இரண்டாவது ரோலின் தொடக்கத்தில் கிடைப்பதற்கு இதைத்தான் காரணமாக நினைக்கிறேன்.

அடுத்தது வெளிச்சக் கணக்கு. டிஜிட்டலிலிருந்து வருபவர்கள் இங்கே தங்கள் பழக்கத்தைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும். டிஜிட்டலில் வெளிச்சப் பகுதி வெளுத்துப்போனால் மீட்க முடியாது. அதனால் கொஞ்சம் குறைத்தே எடுத்துப் பழகியிருப்பீர்கள். நெகட்டிவ் ஃபிலிமில் பயப்பட வேண்டியது நிழலுக்கு. ஜெலட்டினில் பரவியிருக்கும் வெள்ளி உப்புப் படிகங்களுக்குக் குறைந்தபட்ச ஒளியாவது பட்டால்தான் டெவலப்பர் என்ற ரசாயனக் கரைசல் அவற்றை உலோக வெள்ளியாக மாற்றும். நிழலில் அந்த ஒளி படவில்லை என்றால் நெகட்டிவில் அந்த இடம் வெறும் பிளாஸ்டிக்காகத்தான் இருக்கும்; எந்த இருட்டறை வித்தையாலும் அங்கே எதையும் கொண்டுவர முடியாது. வெளிச்சப் பகுதி கூடிப்போனாலோ, கழுவும் நேரத்தைக் குறைத்து ஓரளவு அடக்கலாம். பிரிண்ட் போடும்போதும் சரிசெய்யலாம்.

லைட் மீட்டரை எதன்மீது காட்டினாலும், அதை நடுத்தரச் சாம்பலாக்கும் அளவைத்தான் அது சொல்லும். கறுப்புக் கோட்டின் மடிப்பை அளந்து, மீட்டர் சொன்னபடியே எடுத்தால் கோட்டு சாம்பல் நிறமாகிவிடும். அதிலிருந்து இரண்டு ஸ்டாப் குறைத்து, அதாவது நான்கில் ஒரு பங்கு ஒளி மட்டும் கொடுத்து எடுத்தால் கறுப்பும் கறுப்பாக இருக்கும், மடிப்பும் தெரியும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர்களான ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டி வகுத்த மண்டல முறையின் அடிப்படை இதுதான். அதைக் கணிதப் பாடமாகக் கற்பிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த முறையின் உயிர் எண்களில் இல்லை. இந்த நிழல் பிரிண்டில் எவ்வளவு கறுப்பாக இருக்க வேண்டும், இந்தச் சுவர் எவ்வளவு வெளுப்பாக இருக்க வேண்டும் என்று ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே நீங்கள் முடிவெடுத்தாக வேண்டும். இன்னும் பிறக்காத ஒரு தாளை மனதில் பார்த்தாக வேண்டும். திரையில் பார்த்துச் சரிசெய்துகொள்ளும் வசதி இருக்கும்வரை இந்தக் கற்பனைத் தசைக்கு வேலையே வராது.

ஆடம்ஸின் புகழ்பெற்ற ஒரு படம் இதற்கு நல்ல சான்று. 1941 நவம்பர் 1ஆம் தேதி மாலை, நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர் வழியாகப் போய்க்கொண்டிருந்தவர், கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகள் மீது கடைசி வெயில் விழுவதையும் பின்னால் நிலா ஏறியிருப்பதையும் பார்த்து வண்டியை நிறுத்தினார். எட்டுக்குப் பத்து கேமராவை அவசர அவசரமாக நிறுத்திவிட்டார். லைட் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு நினைவிருந்தது. அதை வைத்து மனக்கணக்குப் போட்டு, எஃப்/32 என்ற மிகச் சிறிய லென்ஸ் துளையில் ஒரு நொடி கொடுத்தார். இரண்டாவது ஷீட்டுக்காக ஹோல்டரைத் திருப்புவதற்குள் சிலுவைகளிலிருந்து வெயில் போய்விட்டது. கிடைத்தது ஒரே ஒரு நெகட்டிவ். அதிலும் முன்புறம் மெலிந்திருந்தது. 1948இல் அந்தக் கீழ்ப்பகுதியை மட்டும் ரசாயனத்தில் மறுபடி அடர்த்தியாக்கினார். ஆரம்ப காலப் பிரிண்ட்களில் வானம் சாம்பலாக, மேகக் கீற்றுகளோடு இருக்கும். பிற்காலப் பிரிண்ட்களில் அதே வானம் ஏறக்குறைய முழுக் கறுப்பு. அந்த ஒரு நொடியிலிருந்து அவர் வாழ்நாளில் 1,300க்கும் மேற்பட்ட பிரிண்ட்கள் போட்டார். பியானோ பயின்றவரான அவர், நெகட்டிவை இசைக்குறிப்பாகவும் பிரிண்டை அதன் வாசிப்பாகவும் கருதியது பொருத்தம்தான். படம் எடுத்த கணம் என்று நாம் கொண்டாடுவது வேலையின் சிறு பகுதி. மீதி வேலை பல பத்தாண்டுகளாக இருட்டறையில் நடந்திருக்கிறது.

பார்க்க முடியாது என்ற நிலைமை சிலரை வேறொரு திசைக்கு அழைத்துப் போயிருக்கிறது. கண்ணுக்கே தெரியாததை எடுப்பது. ஜப்பானியரான ஹிரோஷி சுகிமோட்டோ 1970களின் பிற்பகுதியில் திரையரங்குகளுக்குள் பெரிய கேமராவை நிறுத்தினார். படம் தொடங்கும்போது ஷட்டரைத் திறந்து, முடியும்போது மூடினார். முழுநீளப் படம் ஒன்றின் அத்தனை காட்சிகளும் சேர்ந்து திரை வெறும் வெள்ளொளியாக மிஞ்சியது. அந்த ஒளியில் அரங்கின் வேலைப்பாடுகள் மட்டும் துலங்கின. ஆங்கிலேயரான மைக்கேல் கென்னா இரவு முழுக்க, சில சமயம் பத்து மணி நேரம்வரை ஷட்டரைத் திறந்து வைப்பவர். கடல் பனியாகிவிடும், நட்சத்திரங்கள் கோடுகளாகிவிடும். அங்கே நின்றுகொண்டிருந்த அவருக்கே அந்தக் காட்சி தெரியாது. பிரிண்ட் வந்த பிறகுதான் தெரியும்.

நீண்ட நேரம் கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒளி மிகவும் மங்கலாக, மிக மெதுவாக வந்தால் ஃபிலிமின் உணர்திறன் குறைந்துவிடும். மீட்டர் சொல்லும் நேரம் போதாது. இல்ஃபோர்டு ஹெச்பி5 பிளஸ் என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிமில் மீட்டர் 30 நொடி என்றால் ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் கொடுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு ஃபிலிமுக்கும் இந்தக் கணக்கு வேறு. தயாரிப்பாளரின் தகவல் தாளில் கிடைக்கும், அச்செடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிலிம் கழுவுவதைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அங்கே கலை காட்ட வேண்டாம், சிரத்தை காட்டினால் போதும். ஒரே ஃபிலிம், ஒரே டெவலப்பர், ஒரே வெப்பநிலை. ஹெச்பி5 பிளஸை ஐடி-11 டெவலப்பரில், ஒரு பங்குக்கு ஒரு பங்கு நீர் கலந்து, 20 டிகிரியில் 13 நிமிடம். முதல் பத்து நொடியில் நான்கு முறை கவிழ்த்து நிமிர்த்தி, பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதையே செய்வது. பிறகு டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத், எஞ்சிய வெள்ளி உப்பை நீக்கிப் படத்தை நிலைக்கச் செய்யும் ஹைப்போ, கழுவல். ஹைப்போ வெள்ளி உப்பைக் கரைக்கும் என்பதை ஜான் ஹெர்ஷல் 1819இலேயே கண்டறிந்துவிட்டார். இருபது ஆண்டு கழித்துப் புகைப்படம் பிறந்தபோது அது கைகொடுத்தது. டெவலப்பர்களை மாற்றி மாற்றிச் சோதிப்பதில் ஆண்டுகளைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். கழுவும் முறை ஒரே சீராக இருந்தால்தான் எடுக்கும்போது செய்த முடிவின் விளைவு என்னவென்று தெரியும். எல்லாமே மாறிக்கொண்டிருந்தால் எதிலிருந்தும் கற்க முடியாது.

கழுவி உலர்த்திய நெகட்டிவை உடனே பார்க்கத் தோன்றும். பாருங்கள், நிழலில் விவரம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எந்தப் படம் நல்ல படம் என்ற முடிவை அன்றைக்கு எடுக்க வேண்டாம். வினோகிராண்ட் தன் ரோல்களை ஓராண்டுக்கும் மேலாக வேண்டுமென்றே கழுவாமல் வைத்திருப்பார். எடுத்த அன்று மனதில் இருந்த மகிழ்ச்சியோ அலுப்போ படத்தின் மீது படிந்து மதிப்பைக் குழப்பிவிடும் என்பதே காரணம். இது மிகச் சரியான எச்சரிக்கை. மலையேறிப் போய் எடுத்த படம் என்றால் அந்த ஏற்றத்தின் மூச்சிரைப்பும் படத்தில் இருப்பதாக நமக்குத் தோன்றும். பார்க்கிறவர்களுக்கு அது கிடையாது. அவர்கள் முன் இருப்பது ஒரு தாள். நாமும் அதை ஒரு தாளாகப் பார்க்கும் அளவுக்கு மறதி வர வேண்டும்.

அந்த மறதிக்குப் பிறகு கான்டாக்ட் ஷீட். ஒரு ரோலின் அத்தனை படங்களும் நெகட்டிவ் அளவிலேயே, எடுத்த வரிசையிலேயே ஒரே தாளில். என்னைப் பொறுத்தவரை புகைப்படக் கலையின் ஆகச் சிறந்த ஆசிரியர் இந்தத் தாள்தான். தோற்ற படங்கள் அழிக்கப்படாமல் அங்கேயே இருக்கின்றன. ஒரு பொருளை நீங்கள் எப்படிச் சுற்றிவந்தீர்கள், எந்த இடத்தில் துணிச்சல் போனது, எந்த இடத்தில் ஒரு அடி முன்னால் வைத்திருந்தால் படமாகியிருக்கும் என்பதெல்லாம் வரிசையாகத் தெரியும். பலருடைய கான்டாக்ட் ஷீட்களைப் பார்த்ததில் திரும்பத் திரும்பக் கண்ட ஒன்று: நல்ல படம் கிடைத்ததும் கை அதே படத்தை நான்கைந்து முறை எடுத்துப் பாதுகாத்துக்கொள்கிறது. கிடைத்துவிட்டது என்ற நிம்மதியில் கண் மூடிவிடுகிறது. கிடைத்த பிறகும் நகர்ந்துகொண்டே இருப்பவர்களின் ஷீட்களில்தான் எதிர்பாராத படம் இருக்கிறது.

இன்னொன்றும் நடக்கும். பல ஆண்டுகளின் கான்டாக்ட் ஷீட்களைத் தரையில் பரப்பிப் பார்த்தால், நீங்கள் திட்டமிடாத ஒரு தொடர் தெரியவரும். எங்கே போனாலும் பாதி திறந்த கதவுகளை எடுத்திருப்பீர்கள். அல்லது முதுகு காட்டி நிற்பவர்களை. அல்லது மேசையின் விளிம்பை. அதுதான் உங்கள் கருப்பொருள். யோசித்துக் கண்டுபிடித்த கருப்பொருளைவிட இது உண்மையானது. இந்தியப் புகைப்படக் கலைஞர் தயானிதா சிங்கின் வேலையில் இதைக் காணலாம். ஹாசல்பிளாட் கேமராவில் பல பத்தாண்டுகளாக எடுத்த சதுரப் படங்களைத் திரும்பத் திரும்ப வேறு வேறு வரிசைகளில் அடுக்கி, மரச் சட்டக அமைப்புகளாகவும் புத்தகங்களாகவும் செய்துகொண்டே இருக்கிறார். ஒரே படம் ஒரு வரிசையில் ஒரு பொருளும் இன்னொரு வரிசையில் வேறு பொருளும் தருகிறது. 2022இல் அவருக்கு ஹாசல்பிளாட் விருது கிடைத்தது. எடுப்பது அவருக்கு மூலப்பொருள் சேகரிப்பு; படைப்பு நடப்பது அடுக்கும்போது.

இனி இருட்டறை. இங்கேதான் நான் அதிக நேரம் நிற்க விரும்புகிறேன். இதைச் செய்து பார்க்காதவர்கள் பிரிண்ட் என்பதை நகல் என்றே நினைக்கிறார்கள்.

ஒரு நெகட்டிவ். மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு ஜன்னல், அதன் கீழே நிழலில் ஒரு மர நாற்காலி, சுவரில் சாய்வாக விழும் வெயில். நெகட்டிவைத் தாளில் பெரிதாக்கி விழச் செய்யும் என்லார்ஜரில் வைத்து, தாளின் ஒரு துண்டில் ஐந்தைந்து நொடியாகப் பட்டைகள் போட்டுப் பார்த்தால் சுவருக்கு 15 நொடி சரியாக வருகிறது. முழுத் தாளில் 15 நொடி கொடுத்து டெவலப்பரில் இடுகிறேன். சிவப்பு விளக்கின் கீழ் முதலில் எழுவது நாற்காலியின் நிழல், பிறகு படிகளின் விளிம்பு, கடைசியில் சுவரின் சாம்பல். ஜன்னல் வெள்ளைத் தாளாகவே நின்றுவிடுகிறது. இந்தப் பிரிண்டில் கண் நேராக ஜன்னலுக்குப் போய் அங்கேயே மாட்டிக்கொள்கிறது. நாற்காலி ஒரு கறுப்புக் கட்டி.

அடுத்த தாள். கம்பி முனையில் ஒட்டிய சிறு அட்டையை நாற்காலியின் மேல் ஆட்டிக்கொண்டே நான்கு நொடி ஒளியை மறைக்கிறேன். பிறகு நடுவில் துளையிட்ட பெரிய அட்டையைப் பிடித்து, கறுப்பு வெள்ளை வேறுபாட்டைக் குறைக்கும் மென்மையான ஃபில்டர் போட்டு, ஜன்னலுக்கு மட்டும் இன்னும் 20 நொடி கொடுக்கிறேன். இப்போது ஜன்னலுக்கு வெளியே இலைகள் தெரிகின்றன, நாற்காலியின் கைப்பிடி தெரிகிறது, எல்லாமே தெரிகிறது. படமோ செத்துவிட்டது. எல்லாம் சம உரிமையோடு பேசுகின்றன. எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

இந்த இடத்தில்தான் கேள்வி பிறக்கும்: இது எதைப் பற்றிய படம்? வெயிலைப் பற்றியதா, காலியான நாற்காலியைப் பற்றியதா? எடுத்தபோது இந்தக் கேள்வி இல்லை. அப்போது வெயில் அழகாக இருந்தது, அவ்வளவுதான். நாற்காலி என்று முடிவு செய்தால், ஜன்னலுக்கு எட்டு நொடி மட்டும் கொடுத்து மெல்லிய சாம்பலாக அடக்கலாம். வெளியே இருக்கும் இலைகள் வேண்டாம். நாற்காலி முழுவதையும் வெளுக்காமல் கைப்பிடியின் விளிம்பை மட்டும் காப்பாற்றலாம். மேல் இடது மூலையில் சுவரைச் சற்றுக் கறுக்கவைத்தால் கண் தானாகக் கீழே இறங்கும். பிரிண்ட் முடிந்த பிறகு பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு கரைசலை மிக நீர்க்க எடுத்து, மெல்லிய தூரிகையால் கைப்பிடியில் ஒரு கோடு தொட்டு உடனே கழுவி மறுபடி ஹைப்போவில் இட்டால் அங்கே ஒளி ஒரு நூலளவு கூடும். ஒரு தொடுகை அதிகமானால் தாள் போயிற்று, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இரவு சரியாக இருந்த பிரிண்ட் காலையில் மங்கிக் கிடக்கும். ஃபைபர் தாள் (பிளாஸ்டிக் பூச்சில்லாத பிரிண்ட் தாள்) காய்ந்ததும் சற்றுக் கறுத்துவிடும். ஈரத்தில் மின்னிய வெள்ளைகள் அடங்கிவிடும். அதைக் கணக்கில் வைத்து மறுபடி நேரத்தைச் சற்றுக் குறைத்துப் போட வேண்டும். இப்படி ஒரு நெகட்டிவோடு சில நாட்கள் கழியும். திரையில் ஒரு படத்தோடு இவ்வளவு நேரம் இருக்க யாருக்கும் பொறுமை வராது. திரையில் எல்லாத் திருத்தங்களையும் திரும்பப் பெறலாம் என்பதால் எந்த முடிவும் முடிவாக நிற்பதில்லை. தாளில் ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு தாள் செலவாகிறது. அந்தத் தாள்களைத் தேதியிட்டு வரிசையாக வைத்தால் உங்கள் மனம் மாறிய வரலாறு கண்ணெதிரே இருக்கும்.

எல்லோரும் இருட்டறைக்குள் போயே ஆக வேண்டும் என்று சொல்லமாட்டேன். பிரெஞ்சுக் கலைஞர் கார்த்தியே-பிரெசோன் தன் படங்களைத் தானே பிரிண்ட் போடவில்லை. நம்பிக்கையான பிரிண்டர்களிடம் விட்டார். அமெரிக்கரான எட்வர்ட் வெஸ்டன் எட்டுக்குப் பத்து நெகட்டிவைத் தாளோடு நேராக ஒட்டிவைத்து அதே அளவில் பிரிண்ட் போட்டவர், என்லார்ஜருக்கே வேலையில்லை. முதல் உலகப் போரில் வலது கையை இழந்த செக் கலைஞர் யோசெஃப் சுடெக் 1940க்குப் பிறகு அதே வழிக்குத் திரும்பினார். பிராகில் தன் சிறிய ஸ்டுடியோவின் ஜன்னலைப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டே இருந்தார். பனி படிந்த கண்ணாடி, வெளியே கோணல் மரம், ஜன்னல் விளிம்பில் ஒரு தம்ளர். பெரிய கேமராக்களையும் முக்காலியையும் ஒற்றைக் கையால் சுமந்தவர். அவருடைய பிரிண்ட்கள் பல கையில் வைத்துப் பார்க்கும் அளவுதான். சுவரை நிரப்பும் பிரிண்ட்களுக்கு இன்று இருக்கும் மோகத்தைப் பார்க்கும்போது எனக்கு அவர் நினைவுதான் வரும். கென்னாவும் சுமார் இருபது சென்டிமீட்டர் சதுரத்துக்குள்தான் பிரிண்ட் போடுகிறார், தன் கையாலேயே. சிறிய பிரிண்டைப் பார்க்க ஒருவர் கிட்டே வர வேண்டும். அந்த நெருக்கத்தைப் படமே கேட்டு வாங்கிக்கொள்கிறது.

நெகட்டிவை ஸ்கேன் செய்து இங்க்ஜெட்டில் நல்ல பருத்தித் தாளில் பிரிண்ட் போடும் கலைஞர்களும் இன்று நிறையப் பேர். வண்ண ஃபிலிமுக்கு அதுவே பெரும்பாலோரின் நடைமுறை. அதில் குறையொன்றும் இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள்: கழுவிய அன்றே ஸ்கேன் செய்து போனில் பார்த்துப் பகிர்ந்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் ஃபிலிமின் செலவும் சிரமமும் உங்களுக்கு மிஞ்சும், இடைவெளி மட்டும் போய்விடும். கிரெயினை, அதாவது ஃபிலிமின் மணல் போன்ற பொடித் தன்மையை, மட்டும் வேண்டுகிறவர்கள் மென்பொருளிலேயே அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கேமரா பற்றிச் சுருக்கமாக. நிக்கான் எஃப்எம்2, பென்டாக்ஸ் கே1000 போன்ற இயந்திர ஷட்டர் உள்ள எந்த 35 மில்லிமீட்டர் கேமராவும் போதும். பேட்டரி தீர்ந்தாலும் மீட்டர்தான் நிற்கும், ஷட்டர் வேலை செய்யும். ஷட்டர் வேகம் சரியாக இருக்கிறதா, ஒளித் தடுப்புப் பஞ்சு பொடிந்திருக்கிறதா, லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழுது பார்க்கத் தெரிந்தவர் எட்டும் தூரத்தில் இருக்கிறாரா என்பது பிராண்டைவிட முக்கியம். கலைப் படங்களுக்கு, 35 மில்லிமீட்டரைவிட அகலமான 120 ஃபிலிம் பிடித்துப்போகும் என்று நினைக்கிறேன். ஆறுக்கு ஆறு சென்டிமீட்டர் சதுரத்தில் ரோலுக்கு 12 படம். கான்டாக்ட் ஷீட்டிலேயே ஒவ்வொரு படமும் கண்ணால் படிக்கும் அளவுக்கு இருக்கும். ரோலிஃப்ளெக்ஸ் போன்ற இரட்டை லென்ஸ் கேமராவில் இடுப்பருகே குனிந்து பார்ப்பதால் எதிரில் இருப்பவரை முகத்துக்கு நேரே குறிவைப்பதில்லை. அது உருவப்படத்தின் தன்மையையே மாற்றுகிறது. எதை வாங்கினாலும் ஒரு லென்ஸோடு ஓராண்டாவது இருங்கள்.

பொருள்கள் நிலையாக இருக்கும் என்று நம்பிவிடவும் கூடாது. கோடாக்ரோம் என்ற வண்ண ஃபிலிமின் தயாரிப்பு 2009இல் நின்றது, அதைக் கழுவும் வசதி 2010 இறுதியோடு முடிந்தது. அந்த நிறங்களில் வாழ்நாளைக் கட்டியவர்களுக்கு அது ஒரு மொழி அழிந்த மாதிரி. ஃபியூஜி அக்ரோஸ் என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிம் 2018இல் நின்று, அடுத்த ஆண்டே அக்ரோஸ் 2 ஆகத் திரும்பியது. 2024இல் பென்டாக்ஸ் 17 என்ற புது ஃபிலிம் கேமராவே வந்திருக்கிறது. பிடித்த ஃபிலிம் கிடைக்கும்போது கொஞ்சம் கூடுதலாக வாங்கிக் குளிர்பெட்டியில் வைப்பது நல்ல பழக்கம். விமான நிலையங்களில் இப்போது வந்திருக்கும் சிடி ஸ்கேனர்கள் ஃபிலிமைப் புகைமூட்டமாக்கிவிடும். கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நெகட்டிவ்களைப் பாலிப்ரொப்பிலீன் உறைகளில், ஈரமும் வெப்பமும் இல்லாத இடத்தில் வையுங்கள். அசிடேட் ஃபிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து வினிகர் வாடை அடிக்கத் தொடங்கும். ஒன்றுக்குத் தொடங்கினால் பக்கத்தில் உள்ளவற்றுக்கும் பரவும். ரோல் எண், தேதி, இடம், டெவலப்பர் எல்லாவற்றையும் பென்சிலால் ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். பிரிண்ட் போட்ட நேரங்களையும் அதிலேயே குறியுங்கள். பத்து ஆண்டு கழித்து அதே நெகட்டிவை எடுக்கும்போது பழைய குறிப்புப்படி ஒன்று போட்டுவிட்டு, அதை மீறி இன்னொன்று போடுவது எனக்கு மிகவும் பிடித்த வேலை.

பிரிண்ட்களை விற்கத் தொடங்கினால் எத்தனை பிரதிகள் என்பதை முன்கூட்டியே அறிவித்து, எண்ணிட்டு, கையெழுத்திட்டு, அந்த எண்ணிக்கையைத் தாண்டாமல் இருக்க வேண்டும். இதில் நாணயம் போனால் மீளாது. எட்வர்ட் வெஸ்டனின் மகன் பிரெட் வெஸ்டன் 1991இல் தன் எண்பதாவது பிறந்தநாளில் பெரும்பாலான நெகட்டிவ்களைக் கணப்பில் போட்டு எரித்துவிட்டார். தன் நெகட்டிவிலிருந்து வேறு யாரும் பிரிண்ட் போடக் கூடாது என்பது அவர் வாதம். என்னால் அதைச் செய்ய முடியாது; அவர் ஏன் செய்தார் என்பது மட்டும் நன்றாகப் புரிகிறது. நாற்காலியைப் பற்றிய படமா, வெயிலைப் பற்றிய படமா என்ற முடிவு நெகட்டிவில் எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை.

டிஜிட்டலை விட்டுவிட வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். தேவையில்லை. அவசர வேலைக்கு, மிக மங்கலான ஒளிக்கு, ஒரு இடத்தை முன்கூட்டியே நோட்டம் பார்ப்பதற்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரே நேரத்தில் தோளில் இரண்டையும் மாட்டிக்கொண்டு போகாதீர்கள். திரையில் ஒரு முறை பார்த்துவிட்ட காட்சியை ஃபிலிமில் எடுக்கக் கை எழாது. முதல் சில மாதங்களுக்குக் கறுப்பு வெள்ளையில் மட்டும், ஐஎஸ்ஓ 400 உணர்திறன் கொண்ட ஃபிலிம் ஒன்றில் மட்டும் எடுங்கள். கழுவக் கற்றுக்கொள்ளுங்கள், கான்டாக்ட் ஷீட் போடுங்கள், அவற்றை ஒரு கோப்பில் அடுக்குங்கள். கோப்பு ஓரளவு தடிமனான பிறகு, ஒரே ஒரு நெகட்டிவைத் தேர்ந்தெடுத்து, இருட்டறை வைத்திருப்பவர் யாரையாவது கேட்டு, அங்கே ஒரு முழு நாள் செலவிடுங்கள்.